மென்மையான தரையில் மரப்படிகளை நிறுத்துதல்

பாடத் தொடர்பு: அமுக்கம், அத்திவாரம், கட்டடப் பொருட்களின் பாதுகாப்பு



களப்போரத் தாழ்நிலத்தில் வீடு கட்டுவோர், மழைநீர் உள்ளே புகாதிருக்க வீட்டின் தளத்தை இரண்டு அல்லது மூன்று அடி உயர்த்துவர். அவ்வாறு உயர்த்தினால் வாசலுக்குப் படிகள் தேவை. கையிலுள்ள தென்னை மரத்தையோ பனை மரத்தையோ அறுத்து, இரண்டு சாய்வு மரங்களை நிறுத்தி, அவற்றின் மீது மிதிபலகைகளை அறைந்து படி அமைத்து விடுவார்கள். முதல் மாரி கழிந்ததும் படி ஒரு பக்கம் சரிந்திருக்கும். அடுத்த மாரி கழிந்ததும் அடிப்படி மண்ணுள் பாதி புதைந்திருக்கும்.

இது சிறிய விடயமன்று. படிகளின் உயரம் ஒரே அளவாக இருக்கும் என நம்பியே நாம் காலை வைக்கின்றோம். ஒரு படி மாத்திரம் தாழ்ந்தால் கால் தவறும். தண்ணீர்க் குடத்துடன் இறங்கும் தாய்க்கும், இரவில் வெளியே செல்லும் வயது முதிர்ந்தவருக்கும் அதனால் எலும்பு முறியக்கூடும். பலர் "மரம் சரியில்லை" என்று மரத்தை மாற்றுகின்றனர். புதிய மரமும் புதைகின்றது. குறை மரத்தில் இல்லை, மரம் நிலத்தைத் தொடும் இடத்தில் உள்ளது என்பதே இப்பாடத்தில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய உண்மையாகும்.

1. புத்தளக் கரையோரத்தின் தரை

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் இருவகைத் தரைகளைப் பரவலாகக் காணலாம்.

(அ) மணல் தரை: கற்பிட்டிக் குடாநாடு, உடப்பு போன்ற இடங்களில் உள்ளது. மணல் நீரை விரைவாக வடியவிடும். ஆயினும் இறுகாத மணல் சுமையின் கீழ் பக்கவாட்டில் விலகும். ஓடும் நீர் அதனை இலகுவில் அரித்துச் செல்லும்.

(ஆ) சேற்றுத் தரை: புத்தளம், முந்தல் களப்புகளின் ஓரங்களில் உள்ளது. மீ ஓயாவும் கலா ஓயாவும் புத்தளம் களப்பில் விழுந்து வண்டலைச் சேர்க்கின்றன. வண்டலும் களியும் கலந்த இத்தரை நீர் நிறைந்தது. சுமை ஏறும்போது நீர் மெல்ல வெளியேற, தரையும் மெல்லத் தாழும். படியைக் கட்டிய அன்றே இத்தாழ்வு தெரியாமைக்குக் காரணம் இதுவே.

2. படி ஏன் புதைகின்றது?

அமுக்கம் = செங்குத்து விசை ÷ விசை தாக்கும் பரப்பு

உதாரணம் 1: 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவர் 20 கிலோகிராம் நீருடன் அடிப்படியில் நிற்கிறார். மரப்படிகளின் திணிவு 40 கிலோகிராம். அதிற் பாதியை வீட்டின் தளமும் மறுபாதியை நிலமும் தாங்குகின்றன எனவும், நிற்பவரின் முழு நிறையையும் நிலமே தாங்குகின்றது எனவும் கொள்க. ஒவ்வொரு சாய்வு மரத்தின் அடியும் 10 சென்ரிமீற்றர் × 5 சென்ரிமீற்றர் அளவினது. (புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க.)

தீர்வு:
நிலம் தாங்கும் திணிவு = 60 + 20 + 20 = 100 கிலோகிராம்
விசை = 100 × 10 = 1000 நியூற்றன்
இரு அடிகளின் பரப்பு = 2 × 0.10 × 0.05 = 0.01 சதுர மீற்றர்
அமுக்கம் = 1000 ÷ 0.01 = 100 000 பாசுக்கல் (100 கிலோபாசுக்கல்)

மென்மையான களி, வண்டல் என்பவற்றின் தாங்குதிறன் பொதுவாக 75 கிலோபாசுக்கலுக்கும் குறைவாகவே கொள்ளப்படும். எனவே படி புதைவதில் வியப்பில்லை.

3. பரப்பைக் கூட்டுதல்

மனிதரின் நிறையைக் குறைக்க இயலாது, பரப்பைக் கூட்டலாம். கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் புகையிரதப் பாதையை நினைத்துப் பாருங்கள். தண்டவாளம் நேரே மண்ணில் இல்லை. சுமை தண்டவாளத்திலிருந்து சிலிப்பர் கட்டைக்கும், கட்டையிலிருந்து சல்லிக்கல் படைக்கும், அதிலிருந்து மண்ணுக்கும் செல்கின்றது. ஒவ்வொரு நிலையிலும் பரப்பு கூடுகின்றது. களப்போரக் கண்டல் மரமும் தனித்த ஓர் அடியில் நிற்பதில்லை. அதன் மிண்டி வேர்கள் நாற்புறமும் விரிந்து, பல இடங்களிற் சேற்றில் ஊன்றி நிற்கின்றன.

உதாரணம் 2: முன்னைய படியின் இரு சாய்வு மரங்களையும் 1 மீற்றர் நீளம், 0.5 மீற்றர் அகலம், 0.1 மீற்றர் தடிப்புள்ள ஒரே கொங்கிறீற்றுத் தட்டின் மீது நிறுத்தினால் நிலத்தின் மீதான அமுக்கம் யாது? (கொங்கிறீற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 2400 கிலோகிராம்)

தீர்வு:
தட்டின் கனவளவு = 1 × 0.5 × 0.1 = 0.05 கன மீற்றர்
தட்டின் திணிவு = 0.05 × 2400 = 120 கிலோகிராம்
தட்டின் நிறை = 1200 நியூற்றன்
மொத்த விசை = 1000 + 1200 = 2200 நியூற்றன்
பரப்பு = 1 × 0.5 = 0.5 சதுர மீற்றர்
அமுக்கம் = 2200 ÷ 0.5 = 4400 பாசுக்கல்

விசை இரு மடங்கிலும் கூடியுள்ளது. ஆயினும் அமுக்கம் ஏறத்தாழ 23இல் ஒரு பங்காகக் குறைந்துள்ளது.

கவனிக்குக: தட்டின் நிறையைச் சேர்க்க மறப்பது மாணவர்கள் விடும் பொதுவான தவறாகும்.

4. சீரற்ற தாழ்தல்

முழுப் படியும் ஒரே அளவில் சிறிது தாழ்வதைக் காட்டிலும் ஒரு பக்கம் மட்டும் தாழ்வது ஆபத்தானது. இத்தாலியின் பைசா நகரக் கோபுரம் இதற்குப் புகழ்பெற்ற சான்றாகும். 1173இல் கட்டத் தொடங்கிய அக்கோபுரம், மென்மையான மண் ஒரு பக்கம் கூடுதலாகத் தாழ்ந்ததால் சாய்ந்தது. 1990இல் அது மக்களுக்கு மூடப்பட்டது. உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்துச் சாய்வைக் குறைத்த பின்னர், 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இரு சாய்வு மரங்களுக்கும் தனித்தனிக் கற்களை வைப்பதிலும் ஒரே தட்டை இடுவது சிறந்தது என்பதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். ஒரே தட்டில் இரு மரங்களும் சேர்ந்தே நிற்கும்.

5. நீரும் மரமும்

மரத்தை உக்கச் செய்யும் பங்கசுக்களுக்கு ஈரமும் ஒட்சிசனும் தேவை. வெனிஸ் நகரக் கட்டடங்களைத் தாங்கும் மரக்கம்பங்கள் நீரும் சேறும் சூழ, ஒட்சிசன் அரிதாகவுள்ள நிலையிற் பல நூற்றாண்டுகள் நின்றுள்ளன. எமது படியின் அடி அவ்வாறானதன்று. மண்மட்டத்தில் அது மாறி மாறி நனைந்து காய்வதால் ஈரமும் கிடைக்கின்றது, வளியும் கிடைக்கின்றது. ஆகவே மரம் முதலில் உக்குவது மண்மட்டத்திலாகும். கறையானும் அவ்வழியே ஏறும். எனவே மரம் மண்ணைத் தொடவே கூடாது.

கூரையிலிருந்து ஒழுகும் நீர் படியின் அடியில் விழுந்தால் மண் அரிக்கப்பட்டுத் தட்டின் கீழ் வெற்றிடம் உண்டாகும். பீலி அமைத்து அந்நீரை அப்பால் விட வேண்டும்.

6. அமைக்கும் ஒழுங்கு

1) தட்டின் அளவிலும் ஒவ்வொரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் கூடுதலாக அளந்து, மேல் மண்ணையும் வேர்களையும் சேற்றையும் அகற்றி, உறுதியான மண் வரும்வரை தோண்டுக.

2) குழியின் அடியை இடித்து இறுக்குக. 15 சென்ரிமீற்றர் தடிப்பிற்குச் சல்லிக்கல்லை இரு படைகளாக இட்டு, ஒவ்வொரு படையையும் தனித்தனியே இடித்து இறுக்குக.

3) நீர்மட்டம் கொண்டு மட்டம் பார்த்துப் பலகை அடைப்பு அமைத்து, 1 : 2 : 4 விகிதத்தில் சீமெந்து, மணல், சல்லி கலந்த கொங்கிறீற்றை இடுக. தட்டின் மேற்பரப்பு நில மட்டத்திலும் சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

4) சாய்வு மரங்கள் நிற்கும் இரு இடங்களிலும் 10 சென்ரிமீற்றர் உயரமான சிறு கொங்கிறீற்றுக் கட்டைகளை எழுப்புக.

5) ஏழு நாட்களுக்கு ஈரச் சாக்கினால் மூடி நீர் தெளிக்குக.

6) கல்வனைசுப்படுத்திய கோணத் தகடுகளாலும் சுரையாணிகளாலும் மரத்தைக் கட்டைகளுடன் பொருத்துக. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும்.

7) எல்லாப் படிகளின் உயரத்தையும் மீண்டும் அளந்து, சமன் என உறுதி செய்க.

செய்யத் தகாதவை: கடல் மணலையும் களப்பு நீரையும் கொங்கிறீற்றுக்குப் பயன்படுத்தற்க, அவற்றிலுள்ள உப்பு உலோகப் பகுதிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். முட்டுக்கொடுப்பதற்காகக் கண்டல் மரங்களை வெட்டற்க. முருகைக் கல்லை அகழ்ந்து அத்திவாரத்திற்கு இடற்க. இவை கரையைக் காப்பவை. கரை அரிக்கப்பட்டால் வீடே நில்லாது.

7. மாதிரி வினா

ஒருவர் உதாரணம் 1இல் உள்ள படியின் ஒவ்வொரு சாய்வு மரத்தின் கீழும் 25 சென்ரிமீற்றர் × 20 சென்ரிமீற்றர் அளவுள்ள ஒரு தட்டைக் கல்லை வைத்தார். கற்களின் நிறையைப் புறக்கணிக்க.

(i) நிலத்தின் மீதான அமுக்கத்தைக் காண்க.
(ii) அமுக்கம் எத்தனை மடங்கு குறைந்தது?
(iii) மாரியின் பின்னர் படி இடப்பக்கம் சாய்ந்தது. இதற்கான இரு காரணங்கள் தருக.
(iv) இதனைத் தவிர்க்க இரு வழிகள் கூறுக.

விடைக் குறிப்பு

(i) பரப்பு = 2 × 0.25 × 0.20 = 0.1 சதுர மீற்றர்; அமுக்கம் = 1000 ÷ 0.1 = 10 000 பாசுக்கல்.
(ii) 10 மடங்கு.
(iii) இரு கற்களும் தனித்தனியாக இருந்தமையால் இடப்பக்கக் கல் கூடுதலாகத் தாழ்ந்தமை. கூரை நீர் இடப்பக்க மண்ணை அரித்தமை.
(iv) இறுக்கிய சல்லிப் படையின் மீது இரு மரங்களுக்கும் பொதுவான ஒரே தட்டை இடல். பீலி மூலம் கூரை நீரை அப்பால் விடல்.

(iii) போன்ற வினாவிற்கு "அமுக்கம் கூடியது" என்று மட்டும் எழுதுவது போதாது. அமுக்கம் குறைவாக இருந்தும் படி சாய்ந்தது ஏன் என்பதே வினா. இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாட்டை எழுதுங்கள்.

செயற்பாடு: இன்று உங்கள் வீட்டு வாசற்படிகளின் உயரங்களை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். ஒரு படி மட்டும் வேறுபட்டால் அதன் அடியில் மண், நீர், மரம் ஆகிய மூன்றையும் பார்த்துக் காரணம் கண்டுபிடியுங்கள். கண்டதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி, மாரிக்கு முன்னரே திருத்தச் செய்யுங்கள்.