பல் பிடுங்கிய குழியைச் சும்மா விடுங்கள்!

"ஐயா, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியே ஆகணும்னு பல் டாக்டர் சொல்லிட்டார். நம்ம வைத்தியத்துல காப்பாத்த வழியில்லையா?"

இப்படிக் கேட்டுக்கொண்டு என்னிடம் வருபவர்கள் அநேகம். பல் கூச்சம், ஈறு வீக்கம் இவற்றுக்குச் சித்த மருத்துவத்தில் மருந்து உண்டு. ஆனால் வேர் வரைக்கும் சொத்தையாகி, எலும்புப் பிடிப்பும் போய் ஆடுகிற பல்லை எந்தப் பற்பொடியாலும் உட்கார வைக்க முடியாது. வேர் சிகிச்சைக்கும் வழியில்லை என்று பல் டாக்டர் சொல்லிவிட்டால் எடுத்துவிடுவதே நல்லது. கிராம்பைக் கடித்து நாளைக் கடத்தினால் வலி அடங்கும். உள்ளே இருக்கிற சீழ் அடங்காது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று சில வீடுகளில் இன்னமும் பயமுறுத்துகிறார்கள். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு. அந்தப் பயத்தை விடுங்கள்.

மரத்துப் போகும் ஊசி மட்டும் போட்டு எடுப்பதானால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போனால் நாற்காலியிலேயே மயக்கம் வரும். இதயத்துக்காக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தால் அழுத்தியோ தையல் போட்டோ நிறுத்திவிடலாம். இதயக் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? எலும்பு பலத்துக்கு ஊசியோ வார மாத்திரையோ எடுப்பவர்களும் சொல்ல வேண்டும், சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும். எங்கள் சூரணம், லேகியம் எதுவானாலும் மறைக்காதீர்கள்.

ஊசி சுருக்கென்று இருக்கும். சில நிமிடங்களில் உதடு தடித்துப் போன மாதிரி தோன்றும். அதன் பிறகு வலி தெரியாது. ஆனால் அழுத்துவதும் ஆட்டுவதும் தெரியும், 'நறுக்' என்று சத்தமும் கேட்கும். பாதிப் பேர் பயப்படுவது இந்தச் சத்தத்துக்குத்தான்! அது இயல்பு. வலித்தால் மட்டும் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பல் போன குழியில் ரத்தம் நிரம்பி உறைந்து கட்டியாகும். அந்த ரத்தக் கட்டிதான் மருந்து, அதுதான் கட்டு. அதன் அடியில்தான் எலும்பும் சதையும் வளரும். அது உறையத்தான் பஞ்சைக் கடிக்கச் சொல்கிறார்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பேசாமல், எடுத்து எடுத்துப் பார்க்காமல் கடித்திருங்கள். எச்சிலைத் துப்பாதீர்கள், விழுங்குங்கள். இளநீரைக் குழல் போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவே கூடாது. உப்புத் தண்ணீர், கிராம்புத் தைலம், மஞ்சள் தூள் எதுவும் அந்தக் குழிக்குள் போகக் கூடாது. சித்த வைத்தியனே இப்படிச் சொல்கிறேனே என்று பார்க்கிறீர்களா? மருந்துக்கும் நேரம் காலம் உண்டு.

அன்றைக்கு ஆறின கஞ்சி, தயிர் சாதம் போதும். சூடான ரசம் வேண்டாம். மரப்பு விட இரண்டு மூன்று மணி நேரம், கீழ்ப் பல்லானால் இன்னும் கூட ஆகலாம். அதுவரை குழந்தைகள் உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சில் லேசாகச் சிவந்து வந்தால் பயமில்லை. வாய் நிறைய ரத்தம் வந்தால் சுத்தமான ஈரத் துணியை மடித்து 20 நிமிடம் அழுத்திக் கடியுங்கள். நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். வீக்கம் இரண்டு மூன்று நாள் வரை ஏறும், பிறகு இறங்க வேண்டும்.

மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு மெதுவாகக் கொப்பளியுங்கள். திரிபலா கஷாயமெல்லாம் ஒரு வாரம் போகட்டும். பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு, புகையிலையையும் ஒரு வாரமாவது தள்ளி வையுங்கள்.

கட்டி பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும். நன்றாக இருந்த வலி மூன்றாம் நாள் திடீரென்று காது வரை இழுக்கும், வாய் நாறும். வீட்டில் எதையும் அடைக்காமல் பல் டாக்டரிடமே போங்கள். குழியைக் கழுவி மருந்து வைப்பார். அதிலேயே கிராம்பின் சத்து இருப்பதும் உண்டு!

தாடைக்கு அடியில் வீக்கம் இறுகி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் அது வேறு சங்கதி. சீழ் கழுத்துக்குள் பரவி மூச்சையே அடைக்கும். பற்றுப் போட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடுராத்திரி ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடுங்கள்.