தரை போடுறதுக்கு முன்னால...



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். கடன் கேட்டு வந்த மனுக்களில் மூன்று, "வீட்டுக்கு டைல்ஸ் போட" என்று இருந்தது. தப்பே இல்லை. சாணி போட்டு மெழுகி மெழுகி முதுகு ஒடிந்தவர்கள் நாம். ஆனால் "என்ன டைல்ஸ் வாங்கப் போறீங்க?" என்று கேட்டதற்கு மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "பளபளன்னு இருக்கிறதாப் பார்த்து எடுப்போம்."

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா வாயைத் திறந்தார். அவர் வீட்டில் அடுப்படி, தண்ணீர்த்தொட்டிப் பக்கம், பின்வாசல் எல்லாம் கண்ணாடி மாதிரி டைல்ஸ். குடி புகுந்து நாலாவது மாதம், கை கழுவ வந்த மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. "டைல்ஸ் கடனும் கட்டுறேன், ஆஸ்பத்திரிக்கு வாங்கின வட்டிக் கடனும் கட்டுறேன், அவங்களுக்குப் படுக்கையில எல்லாம் செய்யணும்" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது.

அதனால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். தண்ணீர் படுகிற இடத்தில் வழவழப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். குளியலறை, அடுப்படி, வாசல்படிக்கு சொரசொரப்பான 'மேட்' வகை கேளுங்கள். கடையிலேயே ஒரு டைலைக் கீழே வைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். சுவருக்கு ஒட்டுகிற டைல்ஸ் விலை குறைவு என்று அதைத் தரைக்கு வாங்கிவிடாதீர்கள், அது பாரம் தாங்காது.

கணக்கையும் நாமே போடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி. 2 அடி டைல்ஸ் பெட்டியில் 4 இருக்கும், 16 சதுர அடி என்பார்கள். உண்மையில் அது 600 மில்லிமீட்டர் டைல். பெட்டிக்கு 15.5 சதுர அடிதான் வரும். தரைக்கு மட்டும் 8 பெட்டி. வெட்டுச் சேதம், சுவரோரம் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் இதற்கெல்லாம் கூட ஒரு பெட்டியாவது வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் நிறம் மாறும்.

சினிமாவில் வருகிற மரத்தரை பற்றியும் ஒரு தங்கச்சி கேட்டார். கரையானுக்கு நாமே விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்! மரம் மாதிரி டிசைன் போட்ட டைல்ஸ் கிடைக்கிறது, ஆசை இருந்தால் அது போதும்.

எங்களைக் கேட்டால், கையில் பணம் குறைவாக இருக்கிறவர்களுக்கு சிமெண்டில் ரெட் ஆக்சைடு கலந்து போடுகிற சிவப்புத் தரைதான் நல்லது. நம்ம பாட்டி வீட்டுத் தரை இன்னும் அப்படியே இருக்கிறதே! ஒரு அறைக்குத் தேவையான கலவைப் பொடி முழுவதையும் ஒரே தடவையில் கலந்து சலித்து வைக்கச் சொல்லுங்கள். பாதியில் மறுபடி கலந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். போட்ட மறுநாள் முதல் ஒரு வாரமாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் வெடிப்பு விட்டதும் கொத்தனாரைத் திட்டுகிறார்கள்.

எந்தத் தரையாக இருந்தாலும் அடியில் நிரப்பிய மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் நன்றாக இடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் தரை இறங்கிவிடும். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. கூலி கொடுப்பதற்கு முன்பே தட்டிவிடுங்கள். குளியலறையில் தண்ணீர் ஊற்றி, வாட்டம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுத்தம் செய்யும்போது கவனம். மணல்தான் தரையைக் கீறும், ஆகவே முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு துடையுங்கள். சிவப்புத் தரைக்கு எப்போதாவது ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் துணியில் தொட்டு, பிசுக்கு இல்லாமல் அழுத்தித் துடைத்தால் போதும். டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அது இடுக்கில் இருக்கிற சிமெண்டை அரித்துவிடும். சிவப்புத் தரையிலோ ஆத்தங்குடிக் கல்லிலோ ஆசிட் பட்டால் நிறமே போய்விடும், அதுவும் சிமெண்டுதானே. சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும்.

ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் என்ற விஷப்புகை கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு குளியலறை கழுவுகிறவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. தெரியாமல் சேர்ந்து மூச்சு அடைத்தால், கழுவிவிட்டு வரலாம் என்று நிற்காமல் உடனே வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த மூன்று மனுக்களையும் குழு தள்ளவில்லை. அளவு எடுத்து, டைல்ஸ் எத்தனை பெட்டி, எந்த இடத்துக்கு என்ன வகை என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லி அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.