மாலைதீவுக்குப் போகிற மருமகளுக்கு

ஹட்டன்

அன்பு மருமகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய, மாலைதீவில் தங்கிச் சுழியோடுகிற மூன்று சஃபாரி படகுகளின் விளம்பரங்களையும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்றிலும் அதே ஆனைத்திருக்கை, அதே நீலத் தண்ணீர், மேல்தட்டில் சாய்ந்து படுத்திருக்கிற அதே வெள்ளைக்காரி. "மாமா, எதில புக் பண்ண?" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். பதில் ஒரு வரியில் வராது. ஹிக்கடுவையிலும் மாலைதீவிலும் சுழியோடிகளோடு காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன், இதில் முக்கால்வாசி மீனைப் பற்றிய பேச்சே இல்லை. ஆரி பவளத்தீவுகளைச் சுற்றியுள்ள முருகைக்கல், மலிவுப் படகில் வருகிறவளுக்கும் மாளிகைப் படகில் வருகிறவளுக்கும் ஒன்றுதான். ஏழு இரவு எதற்குள் படுத்துத் தூங்கப் போகிறாய் என்பதைத்தான் நீ தெரிந்தெடுக்கிறாய்.

தூங்குகிற இடம் ஏன் முக்கியம் என்று கேட்பாய். 2019 செப்டெம்பர் 2ஆம் திகதி, கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' என்ற சுழியோடிகள் படகு விடியுமுன் தீப்பிடித்தது. கீழ்த்தட்டில் தூங்கிய 34 பேரில் ஒருவர்கூட வெளியே வரவில்லை. மேலே படுத்திருந்த ஐந்து ஊழியர்கள் தப்பினார்கள். தீ எதனால் பற்றியது என்று விசாரணை செய்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏன் இத்தனை உயிர் போனது என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்: இரவில் விழித்திருந்து சுற்றிப் பார்க்க ஆள் போடவில்லை. கீழேயிருந்து ஏற ஒரு படிக்கட்டும் ஓர் அவசர வழியும் இருந்தன. ஆனால் இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் எரிந்துகொண்டிருந்த அதே கூடம். கப்பல் தலைவனுக்கு 2024இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

தோட்ட லயத்தில் பிறந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கூரை, ஒரு காம்பராவில் பற்றினால் கடைசிக் காம்பரா வரைக்கும் ஓடும், முன்வாசலை விட்டால் ஓட வேறு வாசல் கிடையாது. படகின் கீழ்த்தட்டு அறையும் அந்த ஜாதிதான்.

ஆகவே மூன்று படகுக்காரருக்கும் மின்னஞ்சல் போடு. இரவு முழுக்க யார் விழித்திருப்பார், முறை போட்டு மாறுகிறார்களா என்று கேள். என் அறையிலிருந்து இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது, புகை வந்தால் அலறுகிற கருவி அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று கேள். கமரா, டோர்ச் பற்றரிகளை எங்கே சார்ஜ் பண்ண விடுகிறார்கள் என்பதையும் விட்டுவிடாதே. லிதியம் பற்றரி பற்றிக்கொண்டால் அணைப்பது லேசில் முடிகிற வேலையல்ல, ஆள் தூங்கும் நேரத்தில் அதை மின்சாரத்தில் மாட்டி வைக்கவே கூடாது. மாலைதீவில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. சிலிண்டர்களும் காற்று நிரப்பும் கம்பிரஸரும் தனியாக ஒரு தோணியில் பின்னாலேயே வரும், சத்தமும் எண்ணெய்ப் புகையும் நீ தூங்கும் படகில் இருக்காது. உன் மூன்றில் அப்படி இல்லாதது எது என்றும் பார்.

வருகிற பதிலைவிட அது வருகிற விதம் முக்கியம். "கவலை வேண்டாம் மேடம், நாங்கள் உலகத் தரம்" என்று எழுதினால் அந்தப் படகை அடித்துவிடு. "இரவு பத்திலிருந்து இரண்டு வரை இன்னார், இரண்டிலிருந்து ஆறு வரை இன்னார்" என்று எழுதுகிறவனோடு மேற்கொண்டு பேசு.

இரண்டாவது விளம்பரத்தில் இருக்கிறதே, நாலு தட்டு, உச்சியில் சுடுநீர்த் தொட்டி, அது எனக்குப் பிடிக்கவில்லை. பாரத்தை மேலே மேலே ஏற்றினால் படகு சாய்ந்த பிறகு நிமிர்வது கஷ்டம். எகிப்தில் செங்கடலில் 2024 நவம்பர் 25ஆம் திகதி 'சீ ஸ்டோரி' என்ற சுழியோடிகள் படகு விடியுமுன் கவிழ்ந்தது. பெரிய அலை அடித்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். பதினொரு பேர் திரும்பவில்லை. சிலரை ஒரு நாளுக்கும் மேல் கழித்து, கவிழ்ந்த படகின் அறைக்குள் தங்கியிருந்த காற்றை மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நிலையில், உயிரோடு எடுத்தார்கள். அலை எந்தக் கடலிலும் அடிக்கும். அந்தத் தொட்டியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள உனக்கு ஆசை இருக்கலாம். ஆசையை நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் தீர்த்துக்கொள்.

ஓகஸ்ட் மாதம்தான் லீவு கிடைக்கும் என்கிறாய். மலைநாட்டில் பிறந்தவளுக்குக் கடல் காலத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, தேயிலையே சொல்லிவிடும். திம்புளை பக்கம் நல்ல கொழுந்து விலை போவது ஜனவரி முதல் மார்ச் வரை, காற்று வறண்டு மழை ஓய்ந்த நாட்களில். அதே நாட்களில்தான் ஹிக்கடுவைக் கடலும் தெளிந்து கிடக்கும். ஊவாவுக்கு நல்ல காலம் ஜூலையிலிருந்து செப்டெம்பர். அப்போது நிலாவெளியும் பாசிக்குடாவும் கண்ணாடி. மாலைதீவு திம்புளையோடு சேர்ந்தது: டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அமைதி, மே மாதத்திலிருந்து தென்மேல் காற்று. ஓகஸ்டில் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்தக் காற்றுத்தான் மிதவை உயிர்களைக் கொண்டுவரும், அதைத் தின்ன ஆனைத்திருக்கைகள் பா பவளத்தீவின் ஹனிஃபாரு குடாவில் கூடும். ஆனால் அந்தக் குடாவில் சிலிண்டர் கட்டி இறங்கத் தடை, மேலே மிதந்து பார்க்க மட்டும்தான் அனுமதி. அதை மூன்றாவது விளம்பரம் சொல்லாமல் விட்டிருக்கிறது பார்த்தாயா? என்னைக் கேட்டால் பெப்ரவரிக்கு லீவை மாற்று.

நிலாவெளியில் போன வருஷம் எடுத்த அடிப்படைச் சான்றிதழோடு நிற்கிறாய். அங்கே புறாமலையைச் சுற்றிய ஆழம் குறைந்த தண்ணீர் வேறு, மாலைதீவின் வாய்க்கால்கள் வேறு. பவளத்தீவுக்குள் கடல் புகுந்து வெளியேறுகிற அந்த இடைவெளிகளில் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பல படகுகள் அடுத்த நிலைச் சான்றிதழும் ஐம்பது தடவையாவது இறங்கிய பதிவும் கேட்கும். கேட்காத படகு உன்மேல் அன்பு வைத்துக் கேட்காமல் இருக்கவில்லை. இந்த முறை ஆரி, மாலே, வாவு சுற்றோடு நிறுத்து. தெற்கே புலிச்சுறா பார்க்கிற பயணமெல்லாம் பிறகு. மாலைதீவுச் சட்டப்படி பொழுதுபோக்குச் சுழியோடி 30 மீற்றருக்குக் கீழே போகக் கூடாது. "கொஞ்சம் கீழே ஒரு குகை இருக்கு" என்று வழிகாட்டி கண்ணடித்தால் தலையை ஆட்டிவிட்டு மேலேயே நில். தண்ணீரிலிருந்து ஏறும்போது பெயர் வாசித்துக் கணக்கெடுக்கிறார்களா என்பதையும் முதல் நாளே கவனி. 1998 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரைக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆள் குறைகிறது என்று தெரிந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை.

இனிச் சொல்வது வெளிநாட்டுக்காரன் எழுதிய வழிகாட்டிகளில் அரை வரியாகத்தான் இருக்கும், ஆனால் நமக்கு அதுதான் பெரிய விஷயம். 30 மீற்றர் ஆழத்தில் உன் உடம்பின் மேல் கடல்மட்டத்தைப் போல நாலு மடங்கு அழுத்தம். மூச்சோடு போகிற நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும். சஃபாரி படகில் நாளுக்கு மூன்று முறை, ஐந்தாறு நாள் தொடர்ந்து இறங்குவாய். தங்கியது வெளியேறி முடிவதற்குள் மேலும் சேரும். அந்த நிலையில் அழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் அது குமிழாகக் கிளம்பி மூட்டிலும் நரம்பிலும் போய் நிற்கும். அதனால்தான் ஒரே ஒரு முறை இறங்கியவர் விமானம் ஏற 12 மணி நேரமும், பல நாள் இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்று சுழியோடிகளின் பாதுகாப்பு அமைப்பான 'டான்' சொல்கிறது.

மாலேயிலிருந்து வரும்போது இதைப் படகுக்காரரே பார்த்துக்கொள்வார்கள், புறப்படுகிற நாளுக்கு முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு யாரையும் இறக்க மாட்டார்கள். ஆபத்து உள்ளூரில் இருக்கிறது. போகுமுன் கைபழக நிலாவெளிக்கு இன்னொரு தடவை போவதாகச் சொன்னாய். காலையில் இரண்டு முறை இறங்கிவிட்டு மத்தியானமே வான் பிடித்து இராத்திரிச் சாப்பாட்டுக்கு நுவரெலியா வந்துவிடுவேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், விமானத்துக்குள் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். றம்பொடைக் கணவாய் ஏறுவது விமானம் ஏறுவதற்குச் சமம், டிக்கெட் மட்டும்தான் இல்லை. ஹட்டன் தாழ்வு என்று இங்கே வந்துவிடவும் முடியாது, இதுவும் 1,200 மீற்றருக்கு மேல். அன்றிரவு திருகோணமலையிலேயே தங்கு. அவசரமென்றால் தம்புள்ளை வரை வந்து படு, அதற்குமேல் ஏறாதே. அடுத்த நாள் புறப்பட்டால் போதும்.

மலை ஏறிய பிறகு தோள்மூட்டு வலி, விரல் மரத்துப்போவது, சொல்ல முடியாத அசதி வந்தால் பனியில் வந்த குத்து என்று உன் அம்மா தைலம் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். விடாதே. ஒட்சிசன் கொடுத்து, அழுத்த அறை உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய நோய் அது. கற்பிட்டிப் பக்கம் கடலட்டை எடுக்கிற மீனவர்கள் எத்தனையோ பேர் இதில் கால் விழுந்து கிடக்கிறார்கள். மாலைதீவிலேயே வந்தால், மாலே பக்கம் பண்டோஸ் தீவில் அப்படி ஓர் அறை உண்டு. உன் காப்புறுதி அந்தச் சிகிச்சைக்கும் அங்கே கொண்டுபோகிற விரைவுப் படகுக்கும் பணம் கொடுக்குமா என்று ஒப்பந்தத்தைத் திறந்து படி, ஏஜன்ட் வாயால் சொன்னது போதாது.

காசு விஷயம். விளம்பரத்தில் இருக்கும் விலையோடு முடியாது. பச்சை வரி இப்போது நாளுக்கு 12 டொலர், ஏழு இரவுக்கு 84. உபகரண வாடகை, நைட்ரொக்ஸ் காற்று, ஊழியருக்கு அன்பளிப்பு எல்லாம் தனி. எப்படிப் பார்த்தாலும் ஆயிரம் டொலரைத் தாண்டும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால் உன் அம்மா மலையில் 220 நாள் பேர் போட வேண்டிய தொகை. போகாதே என்பதற்காகச் சொல்லவில்லை. நீ சம்பாதித்த காசு, போ. இத்தனை காசு கொடுக்கிறவள் கேள்வி கேட்கக் கூச்சப்படாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலாவது படகு பழசுதான், படமும் சுமார்தான். ஆனால் மூன்றில் அது ஒன்றுதான் வெளியேறும் வழிகளைக் குறித்த வரைபடத்தைப் போட்டிருக்கிறது. அவர்களுக்கு முதலில் எழுது, பதில் வந்ததும் அப்படியே எனக்கு அனுப்பு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். என்ன விலை என்று கேட்டால் மட்டும் நீயே சொல்லிக்கொள்.

அன்புடன்,
உன் தாய்மாமா