ஒரு கணினி, இரு தலைமுறை

நுழையும்முன்

புதிய கணினி வந்ததும் பழைய கணினி பரணுக்குச் செல்கிறது. அதனுள் இருந்த மென்பொருள்களும் கோப்புகளும் என்னவாகின்றன? ஆலை இயந்திரத்தை இயக்கும் நிரலோ, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அச்சுக்கோக்கப்பட்ட தமிழ்நூலோ புதிய இயங்குதளத்தில் திறக்க மறுத்தால் என்ன செய்வது? ஒரே கணினியில் பழைய இயங்குதளத்தையும் புதியதையும் அருகருகே இயங்கச் செய்யும் முறைகளையும் அதற்கான தேவையையும் இப்பாடம் விளக்குகிறது.

இயந்திரத்தின் ஆயுளும் இயங்குதளத்தின் ஆயுளும்

வடசென்னையின் தொழில் வட்டாரத்தில் அமைந்த குடியிருப்பு மணலி புதுநகர். அதனைச் சூழ்ந்த பகுதியில் எண்ணூர்த் துறைமுகமும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உரத் தொழிற்சாலையும், வேதித் தொழிற்சாலைகளும் உள்ளன. இங்குள்ள இயந்திரங்கள் நெடுங்காலம் உழைப்பவை. மணலியின் சுத்திகரிப்பு ஆலை 1969ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்படும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு மின்னாக்கம் செய்தது.

இயங்குதளங்களுக்கு இத்தகைய ஆயுள் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது; அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்றன. 2009இல் வந்த விண்டோஸ் 7, 2020 ஜனவரியில் அந்நிலையை எய்தியது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவடைந்தது. ஓர் இயங்குதளத்தின் காலம் பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டுகளே என்பது இதனால் விளங்கும்.

ஓர் ஆலை 2002இல் வாங்கிய இயந்திரத்துடன் அதனைக் கட்டுப்படுத்தும் கணினியும் எக்ஸ்பி இயங்குதளமும் சேர்ந்தே வந்தன என்று கொள்வோம். இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கவல்ல அவ்வியந்திரம் பாதி வயதை எட்டும்போதே அதன் இயங்குதளம் ஆதரவற்றதாகிவிடும். பல கோடி ரூபாய் இயந்திரத்தை ஒரு மென்பொருளின் முதுமைக்காக எவரும் கழித்துவிடுவதில்லை. பழைய இயங்குதளத்தைக் காக்கவேண்டிய தேவை இங்கேதான் பிறக்கிறது.

பழைய மென்பொருள் ஏன் இயங்க மறுக்கிறது?

கணினியின் வன்பொருளுக்கும் பயனர் கையாளும் மென்பொருளுக்கும் இடையே நின்று பணிகளை ஒழுங்குசெய்வது இயங்குதளம். கோப்பைத் திறக்கவும், திரையில் எழுத்தைக் காட்டவும், அச்சுப்பொறிக்கு ஆணையிடவும் மென்பொருள் இயங்குதளத்தையே நாடுகிறது. அது நாடும் முறை இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடும். ஒரே இயங்குதளத்தின் பதிப்புகளுக்கிடையிலும் மாறும்.

சான்றாக, டாஸ், விண்டோஸ் 3.1 ஆகியவற்றின் காலத்தில் 16 பிட் மென்பொருள்கள் எழுதப்பட்டன. 64 பிட் விண்டோஸ் அவற்றை இயக்குவதில்லை. விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. ஆகவே, புதிய கணினியில் அம்மென்பொருள்கள் நேரடியாக இயங்க வழியில்லை. இயந்திரத்தையும் கணினியையும் இணைக்கும் இயக்கி நிரலும் இவ்வாறே காலாவதியாகிறது. புதிய இயங்குதளத்துக்கு ஏற்ற இயக்கியை உற்பத்தியாளர் உருவாக்கித் தராவிடில், நல்ல நிலையிலுள்ள கருவியும் பயனற்றுப்போகும்.

இரட்டைத் தொடக்கம்

பழையதையும் புதியதையும் ஒரே கணினியில் வைப்பதற்கான முதல் வழி இரட்டைத் தொடக்கம். வன்தட்டைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவிலும் ஓர் இயங்குதளத்தை நிறுவுவர். கணினிக்கு மின்னூட்டியதும் தொடக்க ஏற்றி என்னும் சிறுநிரல் விழித்து, இருக்கும் இயங்குதளங்களின் பட்டியலைத் திரையில் காட்டும். பயனர் தெரிவுசெய்யும் இயங்குதளம் நினைவகத்தில் ஏற்றப்படும். லினக்ஸ் கணினிகளில் பெரிதும் பயன்படும் கிரப் இத்தகைய தொடக்க ஏற்றியே.

ஆலையில் ஒரே இயந்திரத்தைக் காலை முறைப் பணியாளரும் இரவு முறைப் பணியாளரும் மாறிமாறிக் கையாள்வது போன்றது இது. ஒரு வேளையில் ஒருவரே பணியில் இருப்பார். இயந்திரத்தின் முழு ஆற்றலும் அவருக்கே உரியது. ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறவேண்டுமெனில் கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கவேண்டும்.

தமிழக மாணவர்களுக்கு இம்முறை புதிதன்று. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்து தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட அம்மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்டிருந்தன. பாஸ் என்பது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்கது. கணினியைத் திறந்தவுடன் தோன்றிய தெரிவுப் பட்டியல், ஒரு கணினிக்கு ஓர் இயங்குதளமே என்பது கட்டாயமன்று என்பதைப் பல்லாயிரம் இல்லங்களுக்கு உணர்த்தியது.

இரு விண்டோஸ் பதிப்புகளை நிறுவும்போது பழையதை முதலிலும் புதியதை அடுத்தும் நிறுவுதல் மரபு. புதிய பதிப்பு பழையதை அறியும்; பழைய பதிப்போ தனக்குப் பின் வந்ததை அறியாது. வரிசை மாறினால் புதியதன் தொடக்க நிரலைப் பழையது அழித்தெழுதிவிடக்கூடும். வன்தட்டைப் பகுக்கும் முன்னர்க் கோப்புகள் அனைத்தையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

மெய்நிகர் கணினி

இன்றைய கணினிகள் பலவற்றில் எக்ஸ்பி போன்ற இயங்குதளங்களை நேரடியாக நிறுவ இயலாது. புதிய வன்பொருளுக்குரிய இயக்கிகள் அவற்றுக்கு இல்லை. இந்நிலையில் கைகொடுப்பது மெய்நிகர் கணினி.

விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்ற மென்பொருள்கள் கணினிக்குள் மற்றொரு கணினி இருப்பதுபோன்ற தோற்றத்தை உருவாக்குகின்றன. உண்மையான கணினியின் நினைவகத்தில் ஒரு பகுதி அதற்கு ஒதுக்கப்படும். அதன் வன்தட்டு என்பது உண்மையில் ஒரு பெரிய கோப்பே. தான் தனிக் கணினியில் இயங்குவதாகவே பழைய இயங்குதளம் கருதும். பயனரோ அதனை ஒரு சாளரத்துக்குள் கண்டு, அருகிலேயே புதிய இயங்குதளத்திலும் பணியாற்றலாம். ஒரு பெரிய வீட்டின் ஓர் அறையில் தனி அடுப்புடன் வாழும் ஒண்டுக்குடித்தனம் போன்றது இவ்வமைப்பு. வீடு ஒன்று, குடும்பங்கள் இரண்டு, இரண்டும் ஒரே வேளையில் வாழ்கின்றன.

இக்கருத்து அறுபது ஆண்டுப் பழைமை உடையது. ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இதனை உருவாக்கினர். 1972இல் விஎம்/370 என்னும் பெயரில் அது வணிக வடிவம் பெற்றது. மேசைக் கணினிகளுக்கு 1999இல் விஎம்வேர் வழியாக வந்து சேர்ந்தது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மெய்நிகர் கணினிக்கு வெளியுலகக் கருவிகளுடன் உள்ள தொடர்பு குறைவு. தனிவகை மின்னட்டை வழியாக இயந்திரத்துடன் இணைந்த ஆலைக் கணினிகளுக்கு இது எப்போதும் பொருந்துவதில்லை. ஆவணங்களையும் கோப்புகளையும் மீட்பதற்கோ இது மிக ஏற்றது.

தெரிந்து தெளிவோம்

இரட்டைத் தொடக்கம்: ஒரு வேளையில் ஓர் இயங்குதளம், வன்பொருளின் முழு ஆற்றலும் கிடைக்கும், மாறுவதற்கு மறுதொடக்கம் தேவை.

மெய்நிகர் கணினி: ஒரே வேளையில் இரண்டும் இயங்கும்; நினைவகம் பகிரப்படும்; பழையதை ஒரு கோப்பாகவே படியெடுத்துப் பாதுகாக்கலாம்.

தமிழுக்கு நேர்ந்த சிக்கல்

பழைய இயங்குதளத்தின் தேவையைத் தமிழ் அச்சுத்துறை நன்கு அறியும். 1990களில் கணினியில் தமிழ் பரவியபோது, எழுத்துருவை உருவாக்கிய ஒவ்வொரு நிறுவனமும் கிடைத்த 256 இடங்களில் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பப்படி அடுக்கியது. ஓர் எழுத்துருவில் அமைத்த உரை மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகச் சிதறியது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. பின்னர், 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

ஒருங்குறிக்கு முற்பட்ட காலத்தில் எண்ணற்ற நூல்களும் மலர்களும் துண்டறிக்கைகளும் பேஜ்மேக்கர் மென்பொருளில் அமைக்கப்பட்டன. அதன் இறுதிப் பெரும்பதிப்பு 2001இல் வெளிவந்தது. அக்கோப்புகளைச் செம்மையாகத் திறக்க அம்மென்பொருளும், அதே எழுத்துருவும், அவை இசைந்து இயங்கும் பழைய இயங்குதளமும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கோப்பு இருந்தும் உரை இல்லை.

மாற்றம் செய்வதும் எளிதன்று. ‘கொ’ என்னும் எழுத்தைப் பழைய குறியேற்றங்கள் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமித்தன. ஒருங்குறியோ முதலில் ககரத்தையும் அடுத்து ஒகரக் குறியையும் சேமிக்கிறது. மாற்றும் மென்பொருள் இவ்வரிசையை உணர்ந்து திருத்தவேண்டும். உணராவிடில் கொம்பு அடுத்த எழுத்தோடு ஒட்டிப் பொருள் கெடும். மாற்றிய உரை சரியா என்று ஒப்பிட மூலக்கோப்பைப் பழைய இயங்குதளத்தில் திறந்து பார்ப்பதே உறுதியான வழி. மெய்நிகர் கணினியில் பழையதையும், அதனருகே புதியதையும் வைத்து வரிவரியாக ஒப்பிடலாம். அவ்வகையில் பழைய இயங்குதளம் ஒரு மொழியின் அண்மைக்கால ஆவணங்களுக்குத் திறவுகோலாகிறது.

காத்தலும் காவலும்

திருத்தம் பெறாத இயங்குதளம் பூட்டில்லாத கதவு. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டது. பிரித்தானிய அரசு மருத்துவமனைகளும் அதற்குத் தப்பவில்லை. அந்தப் பிழைக்கான திருத்தம், ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகளே வீழ்ந்தன. திருத்தம் நிறுவப்படாவிடில் புதிய இயங்குதளமும் காவலற்றதே. பழையதற்கோ திருத்தமே வருவதில்லை.

ஆதலால், பழைய இயங்குதளத்தை இணையத்தோடு இணைக்காமல் இயக்குதல் முதல் விதி. வெளியிலிருந்து வரும் கோப்புகளைப் புதிய இயங்குதளத்தில் ஆராய்ந்த பின்னரே பழையதற்குள் செலுத்துதல் இரண்டாம் விதி. மின்னஞ்சல், வங்கிப் பணி ஆகியவற்றை அதில் மேற்கொள்ளாமை மூன்றாம் விதி. ஆலைகளின் கட்டுப்பாட்டுக் கணினிகளில் இவ்விதிகளைத் தளர்த்தினால் இழப்பு தரவோடு நிற்பதில்லை. வேதிப்பொருள்களைக் கையாளும் இடத்தில் அது தொழிலாளரின் உயிரையும் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் பாதிக்கவல்லது.

பழைய இயங்குதளத்தை அருகில் வைத்துக்கொள்வது முடிவான தீர்வன்று. கால அவகாசம் தரும் ஏற்பாடு. அந்த அவகாசத்துக்குள் ஆலை தன் கட்டுப்பாட்டு முறையைப் புதுப்பிக்கவேண்டும். பதிப்பகம் தன் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். மாற்றி முடித்த கோப்புக்கே எந்தக் கணினியிலும் திறக்கும் உரிமை கிட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள அச்சகம் ஒன்றிற்குச் சென்று, அங்குப் பயன்படும் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. பள்ளியின் பழைய ஆண்டுமலர்க் கோப்பு ஒன்றை ஒருங்குறிக்கு மாற்றி, அச்சுப்படியுடன் ஒப்பிட்டு, நேர்ந்த பிழைகளை வகைப்படுத்துக.

மதிப்பீடு

குறுவினா
தொடக்க ஏற்றியின் பணி யாது?

சிறுவினா
பழைய குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும்போது எழும் சிக்கலை ‘கொ’ என்னும் எழுத்தைக் கொண்டு விளக்குக.

நெடுவினா
இரட்டைத் தொடக்கம், மெய்நிகர் கணினி ஆகியவற்றை ஒப்பிட்டு, தொழிற்சாலைக்கும் பதிப்பகத்துக்கும் ஏற்ற முறை எதுவெனக் காரணங்களுடன் நிறுவுக.