நிலாவில் பாட்டி இருக்கிறாளா?

மொட்டைமாடியில் இடுப்பில் பிள்ளை, கிண்ணத்தில் பருப்புச் சோறு. "அதோ பாரு, பாட்டி வடை சுடுறாங்க" என்று அம்மா நிலாவைக் காட்டுகிறாள். பிள்ளை வாயைத் திறக்கிறது. அந்தப் பாட்டியை யாரும் விரட்ட வேண்டாம். ஐந்தாறு வயதில் "நிஜமாவா?" என்று பிள்ளை கேட்கும்போது சரியான பதில் கைவசம் இருந்தால் போதும்.

பாட்டியாகத் தெரியும் கறை, 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பாறைக்குழம்பு பொங்கி வழிந்து, பள்ளங்களில் உறைந்த கரும்பாறைச் சமவெளி. அந்தக் காலத்து வானியலாளர்கள் அவற்றுக்குக் கடல் என்றே பெயர் வைத்தார்கள். 1969இல் ஆம்ஸ்ட்ராங் இறங்கிய 'அமைதிக் கடல்' அப்படி ஒரு சமவெளிதான். அலையும் இல்லை, மீனும் இல்லை.

பாட்டியைவிடப் பிடிவாதமானது இன்னொரு தவறு. பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று படித்த பெரியவர்களே சொல்கிறார்கள். அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில், மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். சூரியன் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். அரை நிலா உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். பூமியின் நிழலோ சூரியனுக்கு நேர் எதிரே, கிழக்கில் நீண்டு கிடக்கும். உச்சியில் இருக்கும் நிலாவை அது எப்படித் தொடும்?

வீட்டிலேயே இதைச் செய்து காட்டலாம். இருட்டறையில் ஒரே ஒரு பல்பு எரியட்டும். எலுமிச்சம்பழத்தைப் பென்சிலில் குத்திப் பிள்ளையிடம் கொடுங்கள். பழத்தைத் தலைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்து, இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றட்டும். பல்பைப் பார்த்து நிற்கும்போது பழத்தின் இருண்ட பக்கம் தெரியும்: அமாவாசை. கால் சுற்றில் பாதி வெளிச்சம். பல்புக்கு முதுகு காட்டினால் பழம் முழுக்க வெளிச்சம்: பௌர்ணமி. அப்போது கையைக் கொஞ்சம் தாழ்த்தினால் தலையின் நிழல் பழத்தில் விழும். அதுதான் சந்திர கிரகணம். ராகுவின் வேலையை அங்கே பிள்ளையின் தலையே பார்த்துவிடுகிறது.

நமக்குத் தெரியாத மறுபக்கம் எப்போதும் இருட்டு என்பதும் கதைதான். பூமியை ஒருமுறை சுற்றும் அதே 27 நாள் சொச்சத்தில் நிலா தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்கிறது. அதனால் ஒரே முகத்தைக் காட்டுகிறது. நமக்கு அமாவாசை என்றால் மறுபக்கத்தில் நல்ல வெயில். 1959இல் சோவியத்தின் லூனா–3 அதை முதன்முதலாகப் படமெடுத்தது.

பஸ்ஸில் போனால் நிலா கூடவே ஓடி வருகிறதே? அது சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பனைமரம் பின்னால் போய்விடும். அவ்வளவு தொலைவில் இருப்பதன் திசை, பஸ் பத்து கிலோமீட்டர் ஓடினாலும் மாறியதாகவே தெரியாது. உதிக்கும்போது நிலா பெரிதாகத் தெரிவதும் கண் மயக்கம். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள்: அடிவானத்திலும் மறையும், உச்சியிலும் மறையும்.

பாட்டியைச் சுற்றி வெளுப்பாகத் தெரியும் மேட்டுநிலம் பெரும்பாலும் அனார்த்தசைட் என்ற பாறை. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் கிடைக்கிறது. சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ உருவாக்கிய நிலா மண், அந்தப் பாறையைப் பொடித்துச் செய்ததுதான்.