மாரிக்கு முன் ஒரு மாலை

ஒக்ரோபர் மாதம் செபமாலை மாதம். எமது குடாநாட்டில் மாரி தொடங்குவதும் அம்மாதத்திலேயே. இரவில் குடும்பம் முழுவதும் ஒன்றாக முழந்தாளிடும் காலம் அது. செபமாலை முடிந்ததும் உடனே எழுந்து போகாமல், இன்னும் அரைமணி நேரம் அதே பாயிலிருந்து ஒரு விடயத்தைப் பேசும்படி கேட்பதே இப்பாடத்தின் நோக்கம். புயலோ வெள்ளமோ வந்தால் இந்த வீட்டில் யார் எதைச் செய்வது?

ஒரு வீட்டில் நடந்தது

2008 நவம்பரில் நிஷா புயலின் மழை பெய்த இரவு, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தது. தகப்பன் நெல்மூட்டைகளை உயர்த்தினார். தாய் சிறு பிள்ளைகளை அயல்வீட்டு மாடிக்குக் கொண்டு சென்றார். மூத்த மகன் ஆட்டை அவிழ்த்து மேட்டில் கட்டினான். எல்லோரும் மாடியில் ஒன்றுகூடிய பின்னரே, நடக்கமாட்டாத ஆச்சி வரவில்லை என்பது தெரிந்தது. மகன் கூட்டி வருவானென்று தாய் நினைத்தார். தாயோடு போயிருப்பாரென்று மகன் நினைத்தான். திரும்பி ஓடியபோது தண்ணீர் கட்டிற் சட்டத்தைத் தொட்டுவிட்டது. ஆச்சி செபமாலையைக் கையிற் பிடித்தபடி இருட்டில் இருந்தார். இறைவன் அருளால் உயிர் தப்பினார்.

அந்த வீட்டில் அன்பு குறைந்தவர் ஒருவருமில்லை. ஆச்சியை யார் தூக்குவது என்று முன்கூட்டிப் பேசவில்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் உரிய வேலை, இறுதியில் ஒருவருக்கும் உரியதல்லாத வேலையாகிவிடுகின்றது.

“எங்களுக்கு வராது” என்போருக்கு

1964 டிசெம்பர் 22ஆம் திகதி இலங்கையின் வடபகுதியைத் தாக்கிய புயல், அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. அங்கு சென்றுகொண்டிருந்த புகையிரதத்தைப் பயணிகளோடு கடல் கொண்டது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பு சூறாவளிக்கு இரையாயிற்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி, திருக்குடும்பத் திருநாளாகிய ஞாயிறு காலை, ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் பல நூறு பேர் மாண்டனர்.

புயலின் மையம் எமக்கு மேலால் வந்தால்தான் ஆபத்து என்பதுமில்லை. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலேயே கரையேறியது. எனினும் யாழ்ப்பாணத்தில் வீடுகள் வெள்ளத்தில் நின்றன. நிஷா புயலின்போது 2008 நவம்பர் 25ஆம் திகதி ஒரே நாளில் யாழ்ப்பாணத்திற் பெய்த மழை ஏறத்தாழ 390 மில்லிமீற்றர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்கிட்டால், ஒவ்வொரு பரப்புக் காணியிலும் ஒரு இலட்சம் லீற்றருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீர் விழுந்தது. குளத்தைத் தூர்த்து, வாய்க்காலைப் பொலித்தீன் பையால் அடைத்துவிட்டால் அத்தனை தண்ணீரும் எங்கே போகும்? எங்கள் படலைக்குள்தான் வரும்.

வேலையைப் பங்கிடுவோம்

ஆழிப்பேரலை மணிக்கணக்கில்தான் அவகாசம் தரும், சிலவேளை அதுவுமில்லை. புயலோ பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்கு முன்னரே வானிலை அறிக்கையில் தெரிந்துவிடும். அந்த நாட்களைக் காப்பதற்கே பங்கீடு வேண்டும்.

கூரையும் வளவும் ஒருவர் பொறுப்பு. தளர்ந்த தகரத்தைக் கம்பியாற் கட்டுதல், வீட்டுக்கு மேலாகச் சாய்ந்த கிளையைத் தறித்தல், வீட்டருகேயுள்ள தென்னையின் தேங்காயையும் காய்ந்த மட்டையையும் இறக்குதல், வாசலின் முன்னுள்ள வாய்க்காலைத் துப்புரவாக்குதல் ஆகியன மழைக்கு முன்பே முடியவேண்டும்.

தண்ணீரும் உணவும் இன்னொருவர் பொறுப்பு. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லீற்றர் மூடிய பாத்திரத்தில் இருக்கவேண்டும். முன்னர் துலா இருந்தது. இன்று மோட்டர் இருக்கிறது. மின்சாரம் நின்றால், கிணறு நிறைந்திருந்தும் ஒரு செம்புத் தண்ணீர் அள்ளமுடியாது. ஆகவே வாளியும் நல்ல கயிறும் வீட்டிலிருத்தல் அவசியம். அடுப்பு மூட்டமுடியாத நாளுக்கு எமது முன்னோர் வைத்த உணவு புழுக்கொடியல். நெருப்பில்லாமற் சப்பி உண்ணலாம், மாதக்கணக்கிற் கெடாது.

பத்திரங்கள் மூத்த பிள்ளையின் பொறுப்பு. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வைத்தியசாலைக் குறிப்புகள் என்பவற்றைத் தண்ணீர் புகாத பையிற் கட்டி உயரத்தில் வைக்கவேண்டும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழையில் நனைந்தபடி வீட்டைவிட்டு வெளியேறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அன்று உறுதியைத் தவறவிட்டவர்கள், தமது காணி தமதே என்று நிறுவ எத்தனை கந்தோர்ப் படி ஏறினார்கள்! அதே பையில் மாத்திரைகள், ரோர்ச், பற்றரி, நெருப்புப்பெட்டி, சிறிது காசு ஆகியனவும் இருக்கட்டும்.

முதியவர், நோயாளர், கர்ப்பிணி, கைக்குழந்தை ஆகியோருக்குப் பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். “ஆச்சியைத் தூக்குவது நீ” என்று அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். தூக்குபவர் இல்லாத வீடாயின் அயலவரிடம் இன்றே கேளுங்கள். தனியாயிருக்கும் முதியவர் ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இருந்தால், அவரும் உங்கள் பங்கீட்டிற் சேரவேண்டியவரே.

கடற்றொழிலாளர் எச்சரிக்கை கிடைத்ததும் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்து, இயந்திரத்தையும் வலையையும் அப்புறப்படுத்தவேண்டும். காற்றடிக்கும் இரவில் வள்ளத்தைப் பார்க்கக் கரைக்குப் போகலாகாது. வள்ளம் போனால் கடன்பட்டாவது வாங்கலாம்.

புயல் வேளையில்

புறப்படும்படி கிராம சேவையாளர் அறிவித்தால், பகலோடு பாடசாலைக்கோ கோவில் மண்டபத்துக்கோ போய்விடுங்கள். வீட்டிலிருப்பவர்கள் மெயின் சுவிச்சை நிறுத்தி, எரிவாயுவை மூடி, கண்ணாடி யன்னலை விட்டு உள்ளறையில் இருக்கவேண்டும். புயலின் மையம் எமது ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென்று ஓய்ந்துவிடும். முடிந்துவிட்டதென எண்ணி வெளியே வரவேண்டாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் கடுங்காற்று வீசும். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. நோயாளர் வண்டிக்கு 1990.

நில அதிர்ச்சியை உணர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாகப் பின்வாங்கினாலோ அல்லது பொங்கினாலோ, கேள்வி கேளாமல் உட்புறமாக ஓடவேண்டும். கடல் முதலில் உள்வாங்கியே தீரும் என்று காத்திருக்க வேண்டாம். 2004இல் எமது கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது ஏறிவந்த அலையே.

வெள்ளம் வற்றிய பின்

எமது நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஓடும் அழுக்கும் மலகூடக் குழியின் நீரும் விரைவாகக் கிணற்றைச் சேர்ந்துவிடும். எனவே கொதிக்கவைத்து ஆறிய நீரையே பருகுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி கிணற்றுக்குக் குளோரின் இடுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்காதீர்கள். 2024 டிசெம்பரில், வெள்ளத்தின் பின் எலிக்காய்ச்சல் எமது மாவட்டத்தில் உயிர்களைப் பறித்தது. வெள்ளத்திலோ வயற்சேற்றிலோ நடந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், கசாயம் குடித்துப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இறைவனை நம்புகிறவனுக்கு இந்த ஆயத்தம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நோவா பேழையைக் கட்டியது மழை தொடங்கிய பின்னரல்ல.

குடும்பமாகப் பேசுவதற்கு

1. எங்கள் வீட்டில் விரைவாக நடக்கமுடியாதவர் யார்? அவருக்குப் பொறுப்பானவர் யார்? அவர் வீட்டிலில்லாதபோது யார்?

2. காணி உறுதியும் அடையாள அட்டைகளும் இப்போது எங்கே இருக்கின்றன? இருட்டிற் கைவைத்து எடுக்கமுடியுமா?

3. மின்சாரம் இல்லாமல் எங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ள என்ன வழி?

4. பிள்ளைகள் பாடசாலையிலும் பெரியவர்கள் வேலையிலும் இருக்கும்போது ஆபத்து வந்தால் எல்லோரும் எங்கே சந்திப்பது?

5. எங்கள் ஒழுங்கையில் எவருமில்லாதவர் யார்?

ஐந்துக்கும் விடை கண்ட பின் பாயைச் சுருட்டுங்கள்.