இரட்டைச் சூலும் தாய்ப்பாலும்

கொங்கு நாட்டில் உடுக்கை முழங்க இரவு முழுதும் பாடப்பெறும் அண்ணன்மார் கதையை அறியாதார் இலர். குன்னுடையாக் கவுண்டரின் மனைவி தாமரை நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்தி, கடுந்தவம் இயற்றி, ஈற்றில் பொன்னர், சங்கர் என்னும் ஆண்மக்கள் இருவரையும் தங்காள் என்னும் பெண்மகளையும் ஒரே பேற்றில் ஈன்றாள் என்பது அக்கதை. 1965ஆம் ஆண்டு காங்கேயத்துப் பக்கத்தில் இக்கதையை ஒலிப்பதிவு செய்த பிரெண்டா பெக் என்னும் அம்மையார், 1982இல் தாம் வெளியிட்ட ஆராய்ச்சி நூலுக்கு ‘மூன்று இரட்டையர்’ என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். தாமரையின் தவத்தைப் பாணன் விரித்துப் பாடுகின்றான். பங்காளிகளின் வஞ்சத்தையும் பாடுகின்றான். ஆனால் மூன்று உயிரைச் சுமந்தவள் என்ன உண்டாள், எவ்வளவு எடை கூடினாள், எவ்வாறு பாலூட்டினாள் என்பவற்றைக் கதை பெரிதும் கருதவில்லை. கதைக்கு அவை வேண்டுவன அல்ல. தாய்க்கோ அவையே உயிர்நிலை. ஆதலின் அவற்றைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராயப் புகுந்தோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இஃது எற்றுக்கு என்று வினவும் நண்பர்கள், நம் வீட்டுப் பெண்டிரின் மொழியும் தமிழே என்பதை நினைவார்களாக.

இயற்கையில் ஏறத்தாழ எண்பது பேற்றுக்கு ஒன்று இரட்டைப் பேறாம் என்பது பழைய கணக்கு. ஒரே கரு பிளந்து இருவராதலும், இரு கருக்கள் ஒருங்கே தங்கி இருவராதலும் என இஃது இரு வகைப்படும். ஒட்டிப் பிறந்த வாழைப்பழத்தை உண்டால் இரட்டைப் பிள்ளை பிறக்கும் என்று நம் பாட்டிமார் அச்சுறுத்துவது வாழைக்குச் செய்யும் வீண்பழியேயன்றி வேறன்று. பேராசையின்றிப் பகிர்ந்துண்ணப் பழக்குதற்கு அது பயன்படுமாயின், இருந்துவிட்டுப் போகட்டும்! இற்றை நாளில் மகப்பேற்று மருத்துவம் பெருகியமையாலும், மகளிர் வயது முதிர்ந்து கருவுறுதலாலும் இரட்டைப் பேறு முன்னினும் மிகுந்துள்ளது. நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை 14 வாரத்திற்குள் அலகிட்டுப் பார்த்தல் தலையாயது. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் மக்களுக்கு இடர் மிகுதி.

இனி எடையைப் பற்றிப் பேசுவோம். அமெரிக்க நாட்டு மருத்துவக் கழகம் 2009இல் வகுத்த அளவு இது: உயரத்திற்கேற்ற எடையுடைய பெண் ஒரு பிள்ளையைச் சுமப்பின் 11.5 முதல் 16 கிலோ வரையும், இரட்டையைச் சுமப்பின் 17 முதல் 25 கிலோ வரையும் கூடுதல் வேண்டும். முன்னரே பருமனுற்றவர்க்கு இவ்வளவு குறையும். மிகப் பருத்தவர்க்கு 11 முதல் 19 கிலோ போதும். இவை அயல்நாட்டு அளவுகள் ஆதலின், நம் மகளிரின் சிற்றுடலுக்கு ஏற்ற எல்லையை மருத்துவரே வரையறுக்க வேண்டும். எனினும் 150 செ.மீ. உயரமும் 45 கிலோ எடையும் உடைய ஒரு பெண் பேற்றுக்காலத்தில் 60 கிலோவைத் தாண்டுதல் நோயன்று என்பதை அறிந்தாலே வீட்டாரின் திகில் பாதி தணியும். பிள்ளைகள் இருவரின் எடை 5 கிலோவுக்குள் அடங்கும். எஞ்சியது நஞ்சுக்கொடியும், பனிக்குட நீரும், பெருகிய குருதியும், விரிந்த கருப்பையும், பின்னர்ப் பாலாக மாறுதற்குத் தாயுடல் சேமித்து வைக்கும் கொழுப்புமாம்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. இரட்டையருள் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன்னரே பிறந்துவிடுகின்றனர். பத்துத் திங்கள் உண்டு என்று எண்ணி எடையைக் கடைசியில் கூட்ட நினைப்பவள் ஏமாறுவாள். முதல் 20, 24 வாரங்களுக்குள் நன்கு எடையேறிய தாயரின் இரட்டையர் பிறக்கும்போது எடை மிக்கிருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். மசக்கையோ இரட்டைச் சூலில் கடுமையாகவே வரும். ஆதலின் சிறுகச் சிறுகப் பன்முறை உண்பதே வழி. ‘மிகுதியாக உண்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும்’ என்று சோற்றைக் குறைக்கும் வழக்கம் தென்னாட்டில் பலவிடத்தும் உண்டு. ஒற்றைச் சூலிலேயே தவறாகிய அவ்வழக்கம் இரட்டைச் சூலில் கொடுமையாம். மறுபுறம், ஒரே வாரத்தில் எடை திடீரெனப் பாய்ந்தேறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் கண்மங்கலும் தோன்றுமாயின் அது ஊட்டத்தின் பயனன்று, குருதியழுத்தத்தின் அறிகுறி. இரட்டைச் சூலில் அது மிகுதியாக நேரும். அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

உணவு யாது? நம் நாட்டு ஊட்டவியல் நிறுவனம் 2020இல் வகுத்தவாறு, ஒரு பிள்ளையைச் சுமப்பவள் நாடோறும் 350 கலோரியும், முதல் ஆறு திங்கள் பாலூட்டுபவள் 600 கலோரியும் மிகுதியாகக் கொள்ளல் வேண்டும். இரட்டையாயின் இவை ஏறத்தாழ இருமடங்காம். கடைச்சரக்கு மாவுகளை நாடி ஓட வேண்டுவதில்லை. கம்பங்கூழும், கேழ்வரகுக் களியும், அரிசியும் பருப்பும் கூட்டிச் சமைக்கும் நம் அரிசிம்பருப்புச் சோறும், நிலக்கடலையும், கொள்ளும், முருங்கைக்கீரையும், முட்டையும், மோரும் கொங்கு நாட்டு அடுக்களையில் உள்ளனவே. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் உணவினால் ஈடுசெய்ய முயலலாகாது. 1957இல் கோவையில் தோன்றிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் ஊட்டவியலைப் பல தலைமுறைப் பெண்களுக்குக் கற்பித்தார். அக்கல்வி அங்குப் பயின்றாரோடு நில்லாமல் ஒவ்வொரு மாமியார்க்கும் எட்டியிருப்பின் எத்துணை நன்று!

மாமியாரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. ஆயின் ஒரு முரண்பாட்டைக் கூறாதிருத்தல் இயலாது. கன்று பிறந்தவுடன் சீம்பாலைக் குடியாவிடின் தேறாது என்பதைக் காங்கேயம் மாடு வளர்க்கும் குடியானவருக்கு எவரும் கற்பிக்க வேண்டா. இரட்டைக் குட்டி ஈன்ற ஆட்டுக்குத் தழை மிகுத்து வைக்கவும் அவர் அறிவார். அவ்வீட்டிலேயே, ஈன்றவளின் முதற்பால் மஞ்சளாய்த் தடித்திருக்கின்றதென்று பீய்ச்சிக் கழித்து, பச்சிளங் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிய காலம் நெடிது. பத்தியம் என்று கூறி ஈன்றவளுக்கு நீரைக் குறைத்தலும் அத்தகையதே. பிறந்த ஒரு மணிக்குள் முலையூட்டலும், ஆறு திங்கள் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் கொடாமையும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் விதி. இரட்டையர்க்கு அதில் விலக்கில்லை.

‘ஒருத்தி பால் இருவர்க்கு எவ்வாறு போதும்?’ என்பதே யாண்டும் கேட்கும் வினா. இதற்கு மேல் ஆஸ்திரேலியாவில் 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வு விடையளித்தது. இரட்டையர்க்குப் பாலூட்டிய தாயர் எண்மரை ஆறாந் திங்களில் அளந்தபோது, நாளொன்றுக்கு 0.84 முதல் 2.16 கிலோ வரை பால் சுரந்தது. மூவரை ஈன்ற ஒருத்திக்கு இரண்டரைத் திங்களில் 3.08 கிலோ சுரந்தது! ஒற்றைப் பிள்ளையின் தாய்க்குச் சுரப்பது முக்கால் கிலோ அளவே. எனவே, சுரப்பை வரையறுப்பது தாயின் உடலன்று, பிள்ளையின் வாய். உறிஞ்சுந்தோறும் சுரக்கும், தேங்கினால் குறையும். ஒவ்வொரு முலையும் தன் சுரப்பைத் தானே அளந்துகொள்ளும்.

இதனால் தீங்கு விளையுமாறும் புலனாகும். பால் போதாதென்று அஞ்சி ஒரு வேளைக்கு டப்பாப் பால் கொடுப்பர், அவ்வேளை முலை உறிஞ்சப்படாது, மறுநாள் சுரப்பு குறையும், அச்சம் மெய்யாகும். எம் உறவினருள் இரட்டையரை ஈன்ற ஓர் அக்காளுக்கு இவ்வாறே நிகழ்ந்தது. பத்தாம் நாளிலேயே ‘உனக்குப் பால் பத்தாது கண்ணு’ என்று வந்தவரெல்லாம் இரங்கினர். இரக்கத்தை விட, அடுப்பையும் துவைப்பையும் ஒருவர் ஏற்றிருந்தால் அவளுக்குப் பால் பத்தியிருக்கும். குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. அண்டை வீட்டாரின் வாயைத் தடுக்கச் சட்டம் இல்லை. மருத்துவர் காரணங்கண்டு சில காலம் மாற்றுப்பால் வேண்டுமென்றால், அது வேறு. அதற்குத் தாய் நாணவும் வேண்டா.

குறைமாதத்தில் பிறந்து உறிஞ்ச வலியற்ற மகவுக்குப் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். பிறந்த சில மணிக்குள் தொடங்கி, நாளொன்றுக்கு எட்டு முறையேனும் பீய்ச்சினாலன்றிச் சுரப்பு நிலைக்காது. இங்கே நம் பழைய பாலாடை மீண்டும் அரங்கேறியுள்ளது. மூக்குடைய அச்சிறு கிண்ணத்தை இன்றும் நம் நாட்டு மகவுக்காப்பு அறைகளில் காணலாம். புட்டியைப் போலன்றி எளிதிற் கழுவிக் கொதிக்கவைக்கத் தக்கது. 1978 அளவில் கொலம்பியாவில் தோன்றிய கங்காரு முறைப்படி மகவை மார்போடு மார்பாக அணைத்து வைத்தால் வெப்பமும் நிலைக்கும், பாலும் பெருகும். ஒரு மகவைத் தாயும் மற்றதைத் தந்தையும் அணைக்கலாம். தாய்க்குப் பால் வருமளவும் உதவத் தாய்ப்பால் வங்கிகள் உள்ளன. ஆசியாவின் முதல் வங்கி 1989இல் பம்பாயில் தோன்றியது. கோவையிலும் தம் பிள்ளைக்கு ஊட்டியது போக எஞ்சிய பாலைக் கொடையளிக்கும் தாயர் இருக்கின்றனர்.

பால் போதுகின்றதா என்பதை அழுகையைக் கொண்டு அளத்தலாகாது. தராசைக் கொண்டே அளக்க வேண்டும். முதல் சில நாளில் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறைதல் இயல்பு. இரு வாரத்திற்குள் பிறந்த எடையை எய்தி, பின்னர் நாள்தோறும் 20 முதல் 30 கிராம் ஏறி, நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்குமாயின் பால் போதும். இருவரையும் தனித்தனியே நிறுத்தல் வேண்டும்; ஒருவனை மற்றவனோடு ஒப்பிட்டு நோதல் வேண்டா. வலியவன் ஒருபுறமே பற்றாதபடி நாள்தோறும் புறம் மாற்றியும், இருவரையும் இரு அக்குளிலும் அணையிட்டுக் கிடத்தி ஒருங்கே ஊட்டியும் வந்தால் காலமும் மிஞ்சும்.

அகப்பாடல்களில் ஒரு மகளுக்கு நற்றாய், செவிலித்தாய் என இருவர் உளர். திருமறையில் ஏசாவையும் யாக்கோபையும் ஒருங்கே ஈன்ற ரெபெக்காளுக்கும் தெபொராள் என்னும் தாதி இருந்தாள். அவள் இறந்தபோது பெத்தேலின் அருகே கர்வாலி மரத்தின்கீழ் அடக்கம் செய்யப்பட்டாள் என்று ஆதியாகமம் மறவாது குறிக்கின்றது. இன்று திருப்பூர்ப் பின்னலாடைச் சாலையிலும் கோவை நூற்பாலையிலும் உழைப்பவளுக்குச் செவிலி யார்? 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு மக்கட்பேற்றுக்கு ஊதியத்துடன் 26 வார விடுப்பை வழங்கிற்று. வேலைக்குத் திரும்பியபின், பிள்ளைக்குப் பதினைந்து திங்கள் நிறையுமளவும் நாளொன்றுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளை உண்டு. பிள்ளை ஒன்றாயினும் இரண்டாயினும் இடைவேளை அவ்விரண்டே.